தொள்ளாயிரம் ஏன் 9000 ஆனது: வீட்டில் கணக்கு கற்ற ஒரு சிறுமியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில், 2021 ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நடந்தது இது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு அப்போதும் திறந்திருக்கவில்லை. சிறுமிக்கு எட்டு வயது. ஒன்றாம் வகுப்பு முடியும் நேரத்தில் பள்ளி மூடியது, இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போனது, இப்போது பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு.

வீட்டில் அம்மா, ஆச்சி, எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன். அப்பாவுக்கு வெளிமாநிலத்தில் வேலை. அம்மாவும் ஆச்சியும் பீடி சுற்றுகிறார்கள். வீட்டில் ஒரே ஒரு போன். பகலில் அது அண்ணனின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி பார்ப்பாள். பார்த்து முடித்தபின் "என்ன புரிஞ்சுது?" என்று கேட்க ஆள் இல்லை.

நான் பக்கத்துத் தெரு. கணிதம் படித்தவள், சில ஆண்டுகள் ஒரு பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் அதற்கு முன் கிடையாது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "போன்ல வர்ற பாடம் இவளுக்கு ஏறல டீச்சர். கணக்குன்னாலே எந்திரிச்சு ஓடுதா. வெளையாட்டு மாதிரி ஏதாவது சொல்லிக் குடுங்களேன்."

வாரத்துக்கு நான்கு மாலை, நாளுக்கு 40 நிமிடம், அவர்கள் வீட்டுத் திண்ணையில் என்று பேசிக்கொண்டோம். ஒன்பது வாரத்துக்கு 36 நாள் வரவேண்டும். மழை, காய்ச்சல், ஒரு சாவு வீடு, ஒரு கோயில் கொடை எல்லாம் போக 29 நாள் நடந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் நாள் பார்த்தது

முதல் நாள் 20 எண்களை வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். 9 சரி. நாற்பத்தேழு, அறுபத்தெட்டு போன்ற இரண்டு இலக்க எண்களில் சிக்கலே இல்லை. ஐந்நூறு, எண்ணூறு இரண்டையும் தயங்காமல் எழுதினாள். தவறியவற்றில் சில:

தொண்ணூறு: 900
தொண்ணூற்று நான்கு: 904
நூற்று ஐந்து: 1005
முந்நூற்று இருபத்தைந்து: 30025
தொள்ளாயிரம்: 9000

அன்று நோட்டில் "இடமதிப்பு தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதி மூடிவைத்தேன். இந்த ஆய்வில் நான் செய்த முதல் தவறு அந்த வரி. மேலே உள்ள ஐந்தும் ஒரே வகைத் தவறு அல்ல என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரியும். 1005உம் 30025உம் ஒரு வகை: காதில் விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதுவது. நூறு, அப்புறம் ஐந்து. முந்நூறு, அப்புறம் இருபத்தைந்து. 900உம் 9000உம் வேறு வகை. அவற்றில் காதில் விழுந்த சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. எனக்கு இது உறைக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

இன்னொன்றையும் அன்றே பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. 81இலிருந்து 100 வரை வரிசையாக எழுதச் சொன்னபோது 90, 91, 92 எல்லாம் சரியாக வந்தன. தனியாகத் "தொண்ணூறு" என்றால்தான் 900.

முதல் மூன்று வாரம்

விளையாட்டாக வேண்டும் என்று கேட்டார்கள். நானும் விளையாட்டாகவே தொடங்கினேன். ஆச்சியிடம் பழைய மரப் பல்லாங்குழி ஒன்று இருந்தது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. சிறுமி அதில் கெட்டிக்காரி. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று கையால் தொட்டு எண்ணாமல் கண்ணாலேயே பார்த்துவிடுவாள். ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் "பசு!" என்று அள்ளிக்கொள்வதில் என்னைவிட வேகம். முதல் வாரத்தில் நான் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தேன்.

அடுத்தது தாயம். இரண்டு கட்டைகளையும் உருட்டி விழுந்ததைக் கூட்டுவது அவளுக்கு ஒரு நொடி வேலை. பன்னிரண்டு ஏன் அபூர்வமாக விழுகிறது என்று அண்ணன் குறுக்கே கேட்டான். இரண்டு கட்டையிலும் நான்கு நான்கு முகம். 4 × 4 என்று 16 வகையில் விழலாம். அதில் இரண்டுமே வெறுமுகமாக விழுந்தால்தான் பன்னிரண்டு, அது ஒரே ஒரு வகை. மூன்று என்ற எண் நான்கு வகையில் விழும், தாயம் (ஒன்று) இரண்டு வகையில் விழும். அவன் உட்கார்ந்து 16ஐயும் எழுதிப் பார்த்தான். அன்றைக்குக் கணக்குப் படித்தது அவன்தான்.

பத்துப் பத்தாகக் கூட்டுவதற்குப் பரமபத அட்டையை எடுத்தேன். அது அரை மணி நேரத்தில் கவிழ்ந்தது. கடையில் விற்கும் அட்டையில் எண்கள் ஒரு வரிசை இடமிருந்து வலமாகவும் அடுத்த வரிசை வலமிருந்து இடமாகவும் போகும். 23க்கு நேர் மேலே 33 இருக்காது, 38 இருக்கும். "பத்து கூட்டினா மேல் கட்டம்" என்று நான் சொல்ல, அவள் எண்ணிப் பார்த்துவிட்டு "இல்லையே அக்கா" என்றாள். எத்தனையோ தடவை ஆடிய அட்டைதான், நான் இதைக் கவனித்ததே இல்லை. பிறகு பழைய தினசரி நாள்காட்டியின் பின்னட்டையில், எல்லா வரிசையும் இடமிருந்தே தொடங்கும்படி நாங்களே 100 கட்டம் போட்டுக்கொண்டோம்.

மூன்றாம் வாரத்தில் கோலம். இந்த நாட்களில் மிகவும் ரசித்துச் செய்தது இதுதான். அம்மாவும் பீடி சுற்றும் சுளகை (முறத்தை) தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நேர்ப்புள்ளியில் நடுவே 3 வைத்து இரு பக்கமும் 1இல் முடித்தால் மொத்தம் 5 புள்ளி. 5இல் தொடங்கி 1இல் முடித்தால் 13. 7இல் தொடங்கினால் 25. ஒற்றைப் புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் 1, 5, 13, 25. ஒவ்வொரு முறையும் எத்தனை கூடுகிறது? 4, 8, 12. "நாலாம் வாய்ப்பாடு வருதே" என்று அம்மா சொன்னார். இருபது வருடமாக வாசலில் போடுகிற கோலத்தில் தனக்கு அது தெரியாமல் போயிற்றே என்று சிரித்தார்.

மூன்றாம் வாரக் கடைசியில் அதே 20 எண்களை மறுபடி சொன்னேன். 10 சரி.

அதாவது 9இலிருந்து 10. அந்த மூன்று வாரமும் வீணா என்றால், இல்லை. கணக்கு நோட்டை எடுத்தால் ஓடுகிறவள் இப்போது நான் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றாள். ஆனால் பல்லாங்குழியில் ஒரு கையில் பத்துப் பன்னிரண்டு கொட்டைக்கு மேல் அபூர்வம். தாயத்தில் பன்னிரண்டு தாண்டாது. கோலத்தின் கணக்கு பெருக்கலில் சேரும். எதிலும் நூறைத் தாண்டிய ஓர் எண்ணைக் காதால் கேட்டு எழுத வேண்டிய தேவையே வரவில்லை. அவளுக்கு வலித்த இடம் ஒன்று, நான் மருந்து போட்ட இடம் வேறு.

ஆச்சி இதை என்னைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். வெற்றிலையை மென்றுகொண்டே, "வெளையாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. கணக்கு எப்ப ஆரம்பிக்கப்போற?" என்றார்.

கடை விளையாட்டில் தெரிந்தது

நான்காம் வாரம் காகிதத்தில் 1, 10, 100 ரூபாய்த் தாள்கள் வெட்டினோம். 20, 50, 500 வேண்டுமென்றே செய்யவில்லை. பொருளுக்குத் திண்ணையில் கிடந்ததெல்லாம்: செருப்பு, செம்பு, அண்ணனின் கிரிக்கெட் மட்டை. நான் விலை சொல்வேன், அவள் எண்ணித் தர வேண்டும்.

"மட்டை முந்நூத்தி இருபத்தஞ்சு ரூவா." மூன்று நூறு, இரண்டு பத்து, ஐந்து ஒன்று. சரி.

"செம்பு நூத்தி அஞ்சு." ஒரு நூறு, ஐந்து ஒன்று. பத்தைத் தொடவே இல்லை. சரி.

"சைக்கிள் தொள்ளாயிரம்." ஒன்பது நூறுகளை எண்ணி வைத்தாள். "மீதி நூறு இருந்தா ஆயிரம் ஆயிரும்" என்று அவளாகவே சொன்னாள்.

ரசீது எழுதச் சொன்னேன். 30025. 1005. 9000.

அன்று இரவுதான் முதல் நாள் நோட்டை எடுத்து "இடமதிப்பு தெரியவில்லை" என்ற வரியை அடித்தேன். இடமதிப்பு அவளுக்குக் கையில் தெரிகிறது. காதிலிருந்து தாளுக்குப் போகும் வழியில்தான் எங்கேயோ நழுவுகிறது. அவள் 30025 என்று எழுதுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பழைய தமிழ் எண் முறையில் 325ஐ ௩௱௨௰௫ என்று எழுதுவார்கள்: மூன்று, நூறு, இரண்டு, பத்து, ஐந்து. சொல்கிறபடியே எழுத்து, பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. அவள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். இன்றைய எழுத்து முறையோ நூறு, பத்து என்ற சொற்களை விழுங்கிவிட்டு இடத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்த விழுங்கலை யாராவது கண்ணுக்குக் காட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்புக் கடைசியோடு பள்ளி மூடியதால் அவளுக்கு அதைக் காட்ட ஆள் இல்லாமல் போனது.

ஆச்சியின் சுளகு

அடுத்த நாள் நடந்தது திட்டமிட்டதல்ல. சாயங்காலம் ஆச்சி பீடியை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றன்றைய கணக்கை அண்ணன்தான் ஒரு நோட்டில் குறித்து வைப்பான். அன்று கண் வலி, ஆயிரம் முடியவில்லை. "இன்னைக்குத் தொள்ளாயிரந்தான்" என்றார்.

சிறுமியிடம் கேட்டேன்: "தொள்ளாயிரம் பெருசா, ஆயிரம் பெருசா?"

"ஆயிரம்." கேள்வியே அவளுக்கு அசட்டுத்தனமாகப் பட்டது முகத்தில் தெரிந்தது.

"எவ்வளவு பெருசு?"

"நாலு கட்டு."

நான்கு கட்டு என்றால் 100. யாரும் சொல்லித்தராத பதில். "சரி, ரெண்டையும் எழுது" என்றேன். 9000. அதற்குக் கீழே 1000. எழுதிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது பெருசா இருக்கே" என்று 9000ஐத் தொட்டாள்.

ஆச்சி எட்டிப் பார்த்து, "என்னட்டி, தொள்ளாயிரம்னா ஆயிரத்துக்கு நூறு கொறச்சல்லா?" என்றார். நோட்டில் இருந்த எண் அவருக்குப் புரியாது. பேத்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னது அது.

உடனே சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அடுத்த ஐந்து நாளும் தொள்ளாயிரம் என்றால் 9000தான் வந்தது. ஆனால் எழுதியபின் நின்று பார்ப்பதும், சில நேரம் ஒரு பூஜ்ஜியத்தை அழிப்பதும் தொடங்கின. தவறு அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

எடுத்த முடிவுகள்

மூன்று முடிவுகள் எடுத்தேன்.

முதலாவது, பீடியை எண்ணும் பொருளாகப் பயன்படுத்துவதில்லை. ஆச்சியின் சுளகில் ஆயிரம் கண்ணெதிரே இருக்கிறது, எடுத்துக்கொள் என்று சொல்வது போல. ஆனால் தூள் பறக்கும் இடத்தில் பிள்ளையை உட்கார்த்தவோ, அந்த வேலையில் கைபழக்கவோ எனக்கு மனம் வரவில்லை. கட்டு எண்ணத் தொடங்கும் பிள்ளை அப்புறம் கட்டு கட்டும், அப்புறம் இலை வெட்டும். அம்மாவும் இதையே வேறு வார்த்தையில் சொன்னார்: "இது என்னோட போவட்டும் டீச்சர்." பேச்சில் ஆச்சியின் கணக்கு வரலாம், கையில் வேறு பொருள் என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, இரண்டு வகைத் தவறையும் தனித்தனியாகப் பார்ப்பது. 30025க்கு ஒரு வேலை, 9000க்கு இன்னொரு வேலை.

மூன்றாவது, பல்லாங்குழியும் தாயமும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு. நிறுத்திவிட்டால் அவள் வாசலில் நிற்பதும் நின்றுபோகும் என்ற பயம்.

குச்சியும் அட்டையும்

பழைய வாரியல் இரண்டைப் பிரித்து, ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்தோம். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துப் பத்தைச் சேர்த்து நூறு, அப்படிப் பத்து நூறு. ஆயிரம் குச்சி முடிய மூன்று மாலை ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு எடை உண்டு என்பது அன்று எனக்குமே புதிது.

இதில் ஒரு குழி இருந்தது, நான் விழுந்தேன். பத்துக் குச்சியை "ஒரு கட்டு" என்று சொல்லிவிட்டேன். "மூணு கட்டு எத்தனை?" என்றதும் அவள் "எழுபத்தஞ்சு" என்றாள். மறுபடி விளக்கினேன், மறுபடி எழுபத்தைந்து. கவனமில்லை என்று கொஞ்சம் குரலை உயர்த்தியும் விட்டேன். அந்த வீட்டில் கட்டு என்றால் 25 என்பது பேச்சு வழக்கில் ஊறிய விஷயம். அவள் சொன்னது சரி. இரண்டு நாள் இப்படிப் போனபின்தான் பெயரை மாற்றினேன். பத்துக் குச்சி "முடிச்சு", நூறு குச்சி "மூட்டை" என்று பிள்ளைகளே வைத்தார்கள். அன்றோடு குழப்பம் தீர்ந்தது.

எழுத்துக்கு அட்டைகள். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் இதற்கு வசதி: கெட்டியாகவும் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். 1 முதல் 9 வரை ஒரு கட்ட அகலத்தில் ஒன்பது அட்டை, 10 முதல் 90 வரை இரண்டு கட்ட அகலத்தில் ஒன்பது, 100 முதல் 900 வரை மூன்று கட்ட அகலத்தில் ஒன்பது. மொத்தம் 27. முந்நூற்று இருபத்தைந்து என்றால் 300ஐ வைத்து, அதன்மேல் வலது ஓரம் ஒட்ட 20ஐ வைத்து, அதன்மேல் 5ஐ வைக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் 325. தூக்கிப் பார்த்தால் அடியில் 300 முழுசாக இருக்கிறது.

நான் இரண்டு தடவை செய்து காட்டினேன். மூன்றாவது தடவை அவள் அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டாள். வைத்தாள், தூக்கினாள், வைத்தாள். "முட்டை அடியில ஒளிஞ்சிருக்கு" என்றாள். அவள் பாஷையில் பூஜ்ஜியம் முட்டை. அன்று முழுக்க அதே விளையாட்டுத்தான்: நான் எண் சொல்வேன், அவள் அட்டை அடுக்குவாள், எந்தெந்த முட்டை ஒளிந்திருக்கிறது என்று சொல்வாள், பிறகு நோட்டில் எழுதுவாள். நூற்று ஐந்துக்கு 100இன் மேல் 5. நடுவில் ஒரு முட்டை ஒளியாமல் எட்டிப் பார்க்கிறது. "பத்து வரலல்லா, அதான் இது வெளிய நிக்கு."

ஒரு வாரத்தில் 30025 போன்ற தவறு போய்விட்டது.

ஒன்பது வீட்டார்

9000 போகவில்லை. அட்டையில் 900ஐச் சரியாக எடுப்பாள், நோட்டில் 9000 எழுதுவாள். அட்டைக்குப் பெயர் கிடையாது. குழப்பம் பெயரில் இருக்கிறது.

ஆறாம் வாரத்தில் ஒரு நாள் சும்மா கேட்டேன்: "9000க்கு என்ன பேரு?" அவள் யோசிக்காமல் "தொள்ளாயிரம்" என்றாள். "அப்போ 900?" கொஞ்சம் யோசித்து, "ஒம்பது நூறு." ஒன்பதாயிரம் என்ற சொல்லை அவள் அதுவரை கவனித்துக் கேட்டதே இல்லை. ஆயிரத்தில் முடியும் ஒன்பதின் பெயர் அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை ஆயிரத்துக்கு ஒட்டிவைத்திருந்தாள். வேறு எங்கே ஒட்டுவாள்?

தமிழ் எண் பெயர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு உதவி செய்பவை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்து மூன்று என்றால் இருபதும் மூன்றும். ஜெர்மன் மொழியில் இருபத்து மூன்றை "மூன்றும் இருபதும்" என்று ஒன்றாம் இட இலக்கத்தை முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தொல்லை நமக்கு இல்லை. நம் சிக்கல் எல்லாம் ஒன்பதில் வந்து குவிந்திருக்கிறது. இருபது, முப்பது, எண்பது என்று வந்தது தொண்ணூறு என்று நூறில் போய் முடிகிறது. இருநூறு, முந்நூறு, எண்ணூறு என்று வந்தது தொள்ளாயிரம் என்று ஆயிரத்தில் போய் முடிகிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு சொல் இருந்தது. அது எண்ணும் பேச்சிலிருந்து போய்விட்டது, இவை மட்டும் நிற்கின்றன.

இதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். கவனமாகக் கேட்டால் புரியும் என்று சொல்வது பொய். கவனமாகக் கேட்டவள்தான் 9000 எழுதினாள். ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதினோம்: எண்பது, தொண்ணூறு, நூறு; எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம். "இந்த ஒம்பதுக்காரங்க மட்டும் பக்கத்து வீட்டுப் பேரைச் சொல்லிக்கிட்டு அலையுதாங்க" என்றேன். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. போனில் வகுப்புக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒரு காதை எடுத்துவிட்டு, "ஒம்பதும் அப்படித்தான். பத்து வராமலே 'பது'ன்னு முடியுது" என்றான். நான் அதை யோசித்திருக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்றாவது வரிசையும் தாளில் ஏறியது.

அதிலிருந்து விளையாட்டு இதுதான். நான் ஓர் எண்ணைச் சொல்வேன். ஒன்பது வீட்டார் என்றால் அவள் தலையில் ஒரு தட்டு தட்டிக்கொள்ள வேண்டும், மற்றவர் என்றால் நேரே எழுதலாம். தட்டிக்கொள்ளும் அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. நடுநடுவே ஒன்பதாயிரத்தையும் சேர்த்தேன். தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபின் பெயர்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

விளைவு

ஒன்பதாம் வாரக் கடைசியில் அதே வகையில் 20 புதிய எண்கள். 18 சரி. தொண்ணூறும் தொள்ளாயிரமும் சேர்ந்தவை எல்லாம் சரி. தவறிய இரண்டும் நான் எதிர்பாராதவை: அறுநூற்று ஏழு 67 ஆனது, நானூற்று ஒன்பது 49 ஆனது. முட்டையை ஒளிக்கக் கற்றுக்கொண்டவள், ஒளியக் கூடாத முட்டையையும் சேர்த்து ஒளித்துவிட்டாள். அட்டை கையில் இருந்தால் இந்தத் தவறு வருவதில்லை, அட்டை இல்லாமல் வேகமாக எழுதினால் வருகிறது.

நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. அதற்கு முந்தைய வாரம் மீண்டும் 20 எண்கள் சொன்னேன். இடையில் ஆறு வாரம் பாடமே இல்லை. 17 சரி; ஒன்பது வீட்டார் அப்போதும் சரி, நடு முட்டைத் தவறு இரண்டிலிருந்து மூன்றானது. அந்த இருபது போக, ஆயிரத்து நூறு எழுதச் சொன்னபோது 1000100 வந்தது. பழைய தவறுதான், ஒரு மாடி ஏறி நிற்கிறது. ஆயிரத்துக்கு நான் அட்டை வெட்டவே இல்லை.

கழித்தலில் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். 304இலிருந்து 178ஐக் கழிப்பது போன்ற கணக்குகள் முதல் நாள் போலவே கடைசி நாளும் வரவில்லை. குச்சியை வைத்துச் செய்ய வேண்டும் என்று ஏழாம் வாரத்தில் நினைத்தேன், நாள் போதவில்லை.

ஆச்சியின் கணக்கு நோட்டை இப்போது சிறுமி எழுதுகிறாள். இது யாரும் கேட்டுச் செய்ததல்ல. அண்ணன் கை மாற்றிவிட்டான். இதை வெற்றி என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. எழுதும் நேரம் மட்டும் சுளகுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். இலையைத் தொட அம்மா விடுவதில்லை.

அடுத்த ஆண்டு

2022இல் எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் (பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் சொல்லித்தரும் அரசுத் திட்டம்) தொடங்கியபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். 14 பிள்ளைகள். முதல் நாளே நான்கு எண்கள் மட்டும் சொல்லி எழுதச் சொன்னேன்: தொண்ணூறு, நூற்று ஐந்து, முந்நூற்று இருபத்தைந்து, தொள்ளாயிரம். நூற்று ஐந்தை 1005 என்று எழுதியவர்கள் ஐந்து பேர். தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதியவர்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒரு பையன், 9000ஐக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டதும், "தொள்ளாயிரம்... இல்ல, ஒம்பதாயிரம்" என்று சொல்லிவிட்டுத் தானே போய் அழித்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பிள்ளை தவறாக எழுதினால் உடனே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இதைக் காசாகக் கொடு, இதை வாசி. கொடுக்கத் தெரிந்து எழுதத் தெரியாவிட்டால் ஒரு வழி. கொடுக்கவே தெரியாவிட்டால் வேறு வழி. இதை நான் முதல் நாள் செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். பல்லாங்குழியை அப்போதும் வைத்திருப்பேன், ஆனால் அதைப் பாடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

வீட்டில் புழங்கும் எண்ணும் சொற்களை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்குக் கட்டு 25. பூ விற்கும் வீட்டில் முழம் இருக்கும், நெல் அளந்த வீட்டில் படியும் உழக்கும் இருக்கும். அந்தச் சொல்லுக்கு அங்கே ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறது. என் வசதிக்கு அதை மாற்றப் போனதில் ஒரு சரியான பதிலுக்கு நான் கோபப்பட்டேன். மறுநாள் அவளிடம் "நீ சொன்னதுதான் சரி" என்று சொன்னேன். அவள் அதை மறந்திருந்தாள், அல்லது மறந்தது போல இருந்தாள்.

நடு முட்டைக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். 67, 607, 670 மூன்றையும் ஒரே நேரத்தில் குச்சியாலும் அட்டையாலும் அடுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு மையத்தில் அப்படித்தான் செய்தோம்.

ஆயிரத்துக்கான ஒன்பது அட்டைகளையும் வெட்டியாகிவிட்டது. நான்கு கட்ட அகலத்துக்கு ஒரு பத்திரிகை போதவில்லை. இரண்டு பத்திரிகையைச் செலோடேப் போட்டு ஒட்டினோம். 9000 அட்டையின் பின்பக்கத்தில் சிறுமி பென்சிலால் எழுதியிருக்கிறாள்: ஒம்பதாயிரம்.